பேச்சியம்மாளின் வெந்நீர்த் தொட்டி

பேச்சியம்மாள் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் முழங்கால் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். மேலே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு கையால் சேலையைச் சுருட்டிப் பிடித்து, மறு கையால் பக்கத்திலிருந்த இரும்புக் குழாயைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, "அப்பாடா!" என்றாள்.

குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டே வெந்நீரில் கால் நனைக்கிற ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய்த் தண்ணீருக்குள் கையை விட்டேன்.

சூடு இதமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. விரல் நுனியில் மெல்லிய விறுவிறுப்பு. சோடாவுக்குள் விரலை விட்ட மாதிரி.

"தெரியுதாக்கா?" என்றாள் பேச்சி. "நரம்ப அப்படியே இழுத்து விடும். சில நேரம் லேசா இருக்கும், சில நேரம் சுள்ளுன்னு ஏறும். இந்த விறுவிறுப்புலதான் மருந்தே இருக்கு."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வெந்நீர் ஊற்றுகளில் வாயு கலந்து வருவது உண்டு, அதுதான் இது என்று என் மனசு உடனே ஒரு விளக்கம் கொடுத்துவிட்டது. படித்த மனசுக்கு விளக்கம் கிடைப்பதா கஷ்டம்?

இதை எழுதும்போதுகூட அந்த விரல்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

தானாக வந்த தண்ணீர்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், இந்தப் பத்திரிகையும் அங்கே போகிறது.

பேச்சியின் புருஷன் மாடசாமி. நெல் போட்ட குடும்பம். வயலில் பாதியைத் தென்னந்தோப்பாக மாற்றியிருந்தார். தோப்புக்கு நடுவில் ஒரு ஆழ்துளைக் கிணறு, ஊர்ப் பேச்சில் 'போர்'. அதற்குள் இறக்கியிருந்த மோட்டார் ஒரு கோடையில் செத்துப்போனது. தண்ணீர் ஏறவில்லை. உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, அதாவது 'காயில்', எரிந்துபோயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெளியே தூக்குவதற்கு ஆள், சங்கிலி, முக்காலி எல்லாம் வேண்டும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு, வாய்க்கால் தண்ணீரை வைத்துச் சமாளித்தார் மாடசாமி.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், செத்த போரின் குழாயிலிருந்து தண்ணீர் தானாக வருகிறது. விரல் தடிமனுக்கு ஒரு ஒழுக்கு. அதுவும் சுடச்சுட.

அவ்வளவுதான். மாடசாமி ஒரு தொட்டி கட்டினார். ஊரில் யாரோ சூடம் கொளுத்தினார்கள். ஆலங்குளத்திலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் மூட்டுவலிக்காரர்கள் பஸ் ஏறி வந்து காலை நனைத்துவிட்டுப் போனார்கள்.

பேச்சிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. தென்காசி டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். தொட்டி வந்த பிறகு பேச்சி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பூமிக்கடியில் இருக்கிற சூட்டைத் தேடி எடுக்கிற ஒரு கம்பெனிக்கு இந்தச் செய்தி போய், அவர்கள் எங்களை அனுப்பினார்கள். நிலத்தடியை அளந்து நாங்கள் போடுகிற வரைபடம் 'உண்டு' என்றால் துளை போடுவார்கள். மாடசாமிக்கு அதில் கனவுகள் இருந்தன. பேச்சிக்கு வேண்டியது வேறு.

"கீழ வெந்நீர் ஊத்து இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டியன்னா போதும்க்கா. நான் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன். ஆயுசுக்கும் இதுலயே கால விட்டுக்கிட்டுக் கெடப்பேன்."

ஒரு பெண்ணின் முழங்கால் என் வேலையின் மேல் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கனம் பார்க்கிற டப்பா

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில்: நிலத்துக்குக் கனம் பார்க்கிறேன்.

பூமி எல்லாவற்றையும் கீழே இழுக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. அடியில் கனத்த பாறை இருந்தால் ஒரு நூல் கூடுதலாக இழுக்கும். பொக்கும் பொடியுமாக இருந்தால் ஒரு நூல் குறையும். அந்த நூலளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் கிராவிமீட்டர். பார்ப்பதற்கு ஒரு டப்பா. உள்ளே ஸ்பிரிங்கில் ஒரு சின்ன எடை தொங்குகிறது. முக்காலியில் மட்டம் பார்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையில் எண் நிலைப்பதற்குக் காத்திருக்க வேண்டும்.

வெந்நீர் ஓடுகிற இடத்தில் பாறை விரிசல் விட்டு, நாள்பட ஊறி, உளுத்துப்போய் லேசாகிவிடும். ஊரையே கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு இடம் அளந்து, எங்கே லேசு என்று படம் போட்டுவிட்டால், அடியில் எங்கே உடைந்திருக்கிறது என்று துளை போடாமலே சொல்லலாம்.

ஆலங்குளம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தபோது ஒரு அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் எடை பாத்துச் சொல்லும்மா" என்று ஏறி நிற்க வந்துவிட்டார். எங்கள் குழுவில் உயரம் அளக்கிற பால்ராஜ் குறுக்கே விழுந்து தடுத்தார். பால்ராஜ் வாசுதேவநல்லூர்க்காரர். பதறாத மனிதர். அன்று பதறினார். டப்பாவின் விலை அப்படி.

இந்தப் பக்கத்து நிலம் அளக்கிறவருக்கு லேசில் மசியாது. மலை பக்கத்தில் இருந்தால் அதன் பாரமும் டப்பாவுக்குள் இருக்கிற எடையைத் தன் பக்கம், கொஞ்சம் மேல்நோக்கி, இழுக்கும். குற்றால மலை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போட்டுக் கழித்தாக வேண்டும். உயரம் ஒரு சாண் தப்பினாலும் கணக்கு தப்பும்.

காலையில் எந்த இடத்தில் அளந்து புறப்பட்டோமோ, சாயங்காலம் அதே இடத்துக்குத் திரும்பி வந்து அளந்துதான் வேலையை முடிக்க வேண்டும். ஸ்பிரிங்கும் மனுஷர் மாதிரிதான், நாள் முழுக்க இழுபட்டால் சாயங்காலம் கொஞ்சம் தொய்ந்துபோகும். எவ்வளவு தொய்ந்தது என்று தெரிவதற்கு இந்த வழக்கம். அப்படி ஒரு நிலையான இடமாக முதலில் தென்காசி கோபுர வாசலைத் தேர்ந்தெடுத்தேன். கல் தளம், நூற்றாண்டுகளாக அசையாதது. ஆனால் அந்த வாசலில் அடிக்கிற காற்றைப் பற்றித் தென்காசியில் பிறந்த நானே மறந்துபோனேன். டப்பா நிலைகொள்ளவில்லை. என் துப்பட்டா பறந்து ஒரு மாலைக்கடையில் போய் விழுந்தது. பிறகு சிற்றாற்றங்கரையில் ஒரு கல் மண்டபத்துக்கு மாறினோம்.

அருவிப் பக்கமும் இதே பாடுதான். சீசனில் தண்ணீர் விழுகிற வேகத்துக்குத் தரையே அதிரும். கால் பாதத்துக்குத் தெரியாது, டப்பாவுக்குத் தெரியும். திரையில் எண்கள் எகிறிக் குதிக்கும்.

தரை நடுங்கிய இடம்

இங்கே ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி மயங்கினேன் என்று உங்களுக்கு விளங்காது.

வேலையில் சேர்ந்த புதிதில் இமயமலையில் ஒரு வெந்நீர்ப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். உதடு வெடிக்கிற குளிர். அந்தக் குளிருக்கு நடுவே தரையில் அங்கங்கே கொதிக்கிற குட்டைகள். அரிசியைத் துணியில் கட்டி ஊற்றுக்குள் தொங்கவிட்டுச் சோறு பொங்கித் தின்றோம். கந்தக வாடை அடிக்கும் சோறு. அதற்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய்.

அந்தப் பள்ளத்தாக்கில் டப்பாவை வைத்தபோது திரையில் எண்கள் துள்ளின. காற்று இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. அடியில் நீர் கொதித்துக் குமுறுவதுதான் காரணம். கொஞ்ச நேரம் குமுறும், கொஞ்ச நேரம் அடங்கும். பூமி மூச்சு விடுவதை நான் முதல்முதலாகக் கண்ணால் கண்டது அங்கேதான். அழுகை வந்துவிட்டது எனக்கு.

இத்தனை வருடம் கழித்து, என் சொந்த ஊர்ப் பக்கம், மாடசாமி தோப்பில் போருக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தேன். எண்கள் துள்ளின.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காற்றா என்று பார்த்தேன். தென்னை ஓலை அசையவில்லை. அருவியா? அது வெகு தூரத்தில். டப்பாவைத் தூக்கிக்கொண்டு தள்ளித் தள்ளிப் போனேன். போகப் போக நடுக்கம் குறைந்தது. திரும்பி வர வர ஏறியது. நடுக்கம் போருக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது. அதிலும் சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை. இருக்கிற நேரத்தில் குழாயில் தண்ணீர் ஒழுகியது, இல்லாத நேரத்தில் நின்றது.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று மாடசாமியைக் கேட்டேன்.

"ஆமா மேடம். வரும், நிக்கும். அம்மன் மூச்சு விடுதான்னு ஊருக்குள்ள சொல்லுதாவ. வீட்டுல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், இங்கன தண்ணி நின்னுரும். கரண்டு மோட்டாருன்னா அப்படி வருமா? அதான் தெய்வச் செயல்ங்கோம்."

அந்த 'வீட்டுல லைட்டு' என்ற வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உறுத்தியது ஒன்றுதான். படம். பால்ராஜ் ராத்திரிதோறும் கணக்குப் போட்டுக் காட்டிய படத்தில் தோப்புக்கு அடியில் லேசான இடமே இல்லை. தோசைக்கல் மாதிரி கெட்டிப் பாறை, ஒரே சீராக.

"மேடம், படத்துல ஒண்ணுமே இல்லியே" என்றார்.

"உயரத்தைத் தப்பா அளந்திருப்பீங்க" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் மறுநாள் திரும்ப அளந்தார். அதே எண்கள். அப்போதும் நான் படத்தை நம்பாமல் நடுக்கத்தை நம்பினேன். ஆசைப்பட்டது எதுவோ அதைத்தானே நாம் நம்புவோம்.

வேலிக்கு அந்தப் பக்கம்

படத்தில் ஒரு இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. போருக்குக் கிழக்கே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே நாங்கள் ஒரு இடம்கூட அளக்கவில்லை.

அது மாடசாமியின் அண்ணன் இசக்கிமுத்துவின் பங்கு. அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது, கயிறு பிடித்துக் கோடு போட்டதில் போர் தம்பி பக்கம் விழுந்தது, மோட்டார் ஷெட் அண்ணன் பக்கம் விழுந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம் தள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் இரண்டு பேரில் ஒருவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமே! அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே பந்தலில் சாப்பிட்டாலும் முகம் பார்ப்பதில்லை.

"அந்தப் பக்கம் போகாதிய மேடம்" என்று முதல் நாளே மாடசாமி சொல்லியிருந்தார். "அந்த ஆளுக்கிட்ட போயி ஒரு இடம் அளக்கட்டுமான்னு நீங்க கேட்டா, நான் கேட்ட மாதிரி ஆயிரும்."

சரி, குடும்பச் சண்டையில் நமக்கென்ன என்று நானும் வேலியோடு நின்றுகொண்டேன். அந்த ஷெட் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு ஒரு பெரியவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எல்லாம் ஒரே நேரத்தில்

கடைசி நாள். இன்னொரு தடவை போருக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் வழக்கம்போலத் துள்ளிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள், வாய்க்காலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டென்று அந்தச் சத்தம் நின்றது.

அதே நேரத்தில் திரையில் எண்கள் அடங்கின. தொட்டிக் குழாயில் ஒழுக்கும் நின்றது.

நான் நிமிர்ந்தேன். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நின்றதற்கும் அம்மன் மூச்சு நின்றதற்கும் என்ன சம்பந்தம்? மாடசாமி வீட்டு வாசலில் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அண்ணாச்சி, இப்ப என்ன ஆச்சு?" என்று மாடசாமியைக் கேட்டேன்.

"என்ன ஆச்சு? த்ரீ பேஸ் போயிட்டு. மோட்டாருக்கு மட்டும் கரண்டு நின்னுரும், வீட்டு லைட்டு எரியும். இங்கன எப்பவும் உள்ளதுதான்."

நம் ஊரில் விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேளை வைத்துத்தான் வரும். வீட்டுக்கு அந்த வேளைக் கணக்கு இல்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை நாளும் பூமி மூச்சு விடுகிறது என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

"போருக்குள்ள இருக்கிற மோட்டாரை எடுத்தீங்களா இல்லையா?"

"எடுக்கல. செத்த மோட்டாரு, உள்ளதான் கெடக்கு."

"அதோட ஸ்டார்ட்டர் பெட்டி எங்கே?"

மாடசாமி வாயால் சொல்லவில்லை. தாடையை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

"ஒயரைக் கழற்றிவிட்டீங்களா?"

"அந்த ஆளு எடத்துல நான் எதுக்கு மேடம் கால வைக்கப் போறேன்? அவனே அன்னைக்கே புடுங்கி எறிஞ்சிருப்பான்."

செத்த மோட்டார் இல்லை அது. கரண்ட் வரும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் தானாகவே விழுந்து, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே வருகிற குழாய் உள்ளே எங்கோ வெடித்திருக்கிறது. ஏற்றிய தண்ணீர் வெடிப்பு வழியாகத் திரும்பப் போருக்குள்ளேயே விழுகிறது. அதே தண்ணீரை எடுத்து, அதே தண்ணீரை விட்டு, மத்தால் கடைகிற மாதிரி நாள் கணக்கில் கடைந்ததில் தண்ணீர் சூடாகிவிட்டது. வெடிப்பைத் தாண்டி மேலே வந்த மிச்சம்தான் அந்த விரல் தடிமன் ஒழுக்கு. விவசாயக் கரண்ட் இலவசம், பில் வராது. பில் வந்திருந்தால் முதல் மாதமே குட்டு உடைந்திருக்கும்.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய விஷயம். வாயைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் என் விரல் ஞாபகம் வந்தது.

விறுவிறுப்பு.

வாயுவும் இல்லை, மருந்தும் இல்லை. வெந்நீரில் ஊறி ஊறி உள்ளே ஒயரின் உறை விட்டுப்போய், மின்சாரம் தண்ணீரில் கசிந்துகொண்டிருக்கிறது. சில நேரம் லேசாக, சில நேரம் சுள்ளென்று.

தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பேச்சி இடுப்பு வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கி, உள்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை இரும்புக் குழாயைப் பிடித்திருந்தது.

"பேச்சி! வெளியே வா! குழாயை விடு!"

"இப்பத்தானக்கா எறங்கினேன். சூடு ஆறங்காட்டியும் கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன்."

"ஏட்டி, வாடி வெளியே!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. "கரண்ட்! தண்ணிக்குள்ள கரண்ட்!"

பேச்சியின் முகம் வெளுத்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. பால்ராஜ் ஓடினார். மாடசாமி ஓடினார். மும்முனை மின்சாரம் எந்த நேரமும் திரும்பி வரலாம். நான் வேலியை நோக்கி ஓடினேன்.

ஃபியூஸ் கட்டை

கம்பிக்கு நடுவே புகுந்ததில் சுடிதார் கிழிந்தது. இசக்கிமுத்து கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்த ஸ்டார்ட்டரை அணைங்க! தம்பியோட மோட்டாரை அணைங்க!"

"அவன் மோட்டார நான் எதுக்கு அணைக்கணும்?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், விறைப்பு மட்டும்தான். "நாளைக்கு அண்ணன் என் மோட்டார அணைச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவான். அவன் வந்து கேக்கட்டும்."

"பேச்சி தண்ணிக்குள்ள இருக்கா. கரண்டு வந்தா தண்ணியில பாயும்."

அந்த மனிதர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான். ஷெட்டுக்குள் பாய்ந்தார். சுவிட்சைத் தேடவில்லை. பலகையிலிருந்த ஃபியூஸ் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கினார். கடைசிக் கட்டை இறுகிக் கிடந்தது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். அது கையோடு வந்தது, அவர் பின்னால் சாய்ந்து சாக்குமூட்டை மேல் விழுந்தார்.

நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியே நாலா பக்கமும் ஸ்டார்ட்டர்கள் 'டக்', 'டக்' என்று விழுகிற சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மறுபடி கொட்டத் தொடங்கியது.

மின்சாரம் வந்துவிட்டது.

அப்படியே ஷெட் தரையில் உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியின் அழுகை கேட்டது. அழுகிறாள் என்றால் இருக்கிறாள். அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

வெளியே வந்தது

மறுநாள் ஆள் வந்து, முக்காலி கட்டி, சங்கிலி போட்டு மோட்டாரை மேலே தூக்கினார்கள். குழாய் பக்கவாட்டில் ஒரு முழத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதோடு கட்டியிருந்த ஒயரின் கறுப்பு உறை பாகு மாதிரி இளகி, பல இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது.

மாடசாமி குனிந்து அந்தச் செம்பைப் பார்த்தார். "தினமும் அவ கையப் புடிச்சு நான்தான் எறக்கிவிடுவேன்" என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இசக்கிமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் நேற்றுப் பிடுங்கிய ஃபியூஸ் கட்டை ஒன்று இருந்தது. தம்பியைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து அதை நீட்டினார்.

கட்டையில் போட்டிருந்த கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஃபியூஸ் கம்பி என்பது மயிரிழை மாதிரி இருக்க வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் அது உருகி அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். இதிலோ கனத்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தது. எந்தக் கோளாறு வந்தாலும் இது அறுந்திருக்காது.

"யார் போட்டது?"

"நான்தான்" என்றார். "பீஸு அடிக்கடி போயிக்கிட்டே இருந்துச்சு. போயிட்டா அவன் தண்ணிக்கு என்ன செய்வான்? எங்கிட்ட வந்து கேக்கவும் மாட்டான். வெயில்ல மரமெல்லாம் காஞ்சுருமேன்னு நானே கெட்டிக் கம்பியாப் போட்டு விட்டேன். போகப் போக இன்னும் கெட்டியா. அவன் தண்ணி பாய்ச்சுதாம்னுதான் நெனச்சேன். அவனுக்குத் தெரிய வேண்டாம்னு ராத்திரியில வந்துதான் போடுவேன்."

மாடசாமி தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியாது.

அந்த ஃபியூஸ் முதல் முறை அறுந்தபோதே, அப்படியே விட்டிருந்தால் மோட்டார் நின்றிருக்கும். இல்லை, வேலி ஓரம் வந்து "ஏலே, பீஸு போயிட்டு, என்னன்னு பாரு" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தாலும் போதும். பாசம் இருந்தது. பேச்சுத்தான் இல்லை. அந்தப் பாசம் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

"அவ உள்ள இருக்கும்போது என்னைக்காவது மொத்தமா பாஞ்சிருந்தா, நான்தான் கொன்ன மாதிரி ஆயிருக்கும்லா மேடம்?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

நம் ஊரில் ஒருவர் இப்படிக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். "என்ன பேச்சு பேசுதிய, அப்படியெல்லாம் சொல்லாதிய" என்று வாயை அடைப்பார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்த பேச்சி என்னை முந்திக்கொண்டாள்.

"ஆமா அத்தான்" என்றாள்.

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

மோட்டார் தூக்க வந்தவர்கள்கூடச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பேச்சி தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, யார் கையையும் வாங்காமல் எழுந்தாள்.

"டாக்டர்ட்ட போயி மறுபடி நாள் கேக்கணும். ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறி என்னக் கூட்டிட்டுப் போணும். தனித்தனியா வந்தியன்னா நான் வரமாட்டேன்."

மாடசாமி மண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஏண்ணே, வண்டிக்குச் சொல்லட்டுமா?" என்றார்.